அக்கரையும் இக்கரையும்: ஊர் திரும்புவோர் அறிய வேண்டியவை

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உலு திராம். மலாய்மொழியில் ‘உலு’ என்றால் ஆற்றின் மேற்பகுதி. ‘திராம்’ என்றால் சிப்பி. பெயரில் சிப்பி இருந்தாலும், தமிழர்களை இவ்வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவை இரப்பரும் செம்பனையும்தாம். தோட்டங்கள் சுருங்கித் தாமான்கள் பெருகிய பிறகு, எங்கள் ஊர்க்காரர்களின் பிழைப்பு தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் நகர்ந்தது. விடியற்காலை நான்கு மணிக்குத் தாமான் சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் ஒருவருடையதாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக்குப் போவது எப்படி என்று சொல்லித்தர ஆள்கள் நிறைய உண்டு. முன்பே போன அண்ணன் சொல்வார்; வேலை முகவர் சொல்வார்; கூடப் படித்த நண்பர்கள் சொல்வார்கள். எந்தக் கம்பெனியில் என்ன சம்பளம், எங்கே அறை மலிவாகக் கிடைக்கும் என்பதெல்லாம் தேநீர்க் கடையிலேயே தெரிந்துவிடும். ஆனால், திரும்பி வருவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சொந்த ஊருக்குத் திரும்ப வழி கேட்பார்களா என்று நாம் நினைத்துக் கொள்கிறோம்.

இக்கட்டுரையை எழுதுபவன் எட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்துவிட்டு, உலு திராமுக்கே திரும்பியவன். நான் அங்கே கண்டதையும், இங்கு வந்தபின் கண்டதையும், என்னைப்போல் திரும்பிய பலரிடம் கேட்டதையும் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. போவதற்கு எவ்வளவு ஆயத்தம் வேண்டுமோ, அவ்வளவு ஆயத்தம் திரும்புவதற்கும் வேண்டும். சிங்கப்பூர் பக்கத்தில் இருப்பதால் நம்மவர்களுக்கு அந்த ஆயத்தம் தேவை என்றே தோன்றுவதில்லை. பட்டம் முடித்ததும் அக்கரைக்குப் போக எண்ணியிருக்கும் மாணவர்களுக்கும், ஏற்கெனவே அங்கிருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருகில் இருந்தாலும் அயல்நாடு

ஜொகூர் பாலம் 1924ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அந்நாளில் இரு கரைகளும் ஒரே ஆங்கிலேயர் ஆதிக்கத்தின்கீழ் இருந்தன. தோட்டத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை தேடிக்கொள்வதும், அங்கே பிடிக்காதவர் ஜொகூருக்கு வருவதும் வேறோர் ஊருக்குப் போய்வருவது போன்றதே.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடானது. 1967இல் இரு நாட்டுக்கும் இடையே கடப்பிதழ்ச் சோதனை வந்தது. 1973 மே மாதம்வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றத்தக்கவையாக இருந்தன. அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபின் இரு நாணயங்களும் தனித்தனி வழியில் சென்றன. அண்மை ஆண்டுகளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் இளைஞர்கள் அதிகாலையில் எழுந்து ஓடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உலக வங்கி 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நாள்தோறும் போய்வருபவர்களின் கூட்டம் வேறு. கொரோனாவுக்கு முன்பே ஒரு நாளில் இரு நாட்டு எல்லையைத் தரைவழியாகக் கடந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல்.

இத்தனை பேர் போய்வருவதால், அது வெளிநாடு என்ற எண்ணமே மங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவுக்கோ இலண்டனுக்கோ போகிறவரை விமான நிலையம்வரை சென்று கண்ணீருடன் வழியனுப்புகிறோம். சிங்கப்பூருக்குப் போகிறவரிடம், வரும்போது ரொட்டி வாங்கி வரச் சொல்கிறோம்.

அந்த மயக்கம் 2020 மார்ச் 18ஆம் நாள் தெளிந்தது. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பாலமும் மூடப்பட்டது. முதல் நாள் இரவே துணிமணிகளோடு ஆயிரக்கணக்கானோர் அக்கரைக்கு ஓடினார்கள். வேலையா வீடா என்று ஓர் இரவுக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலை. ஆகஸ்டு 17இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வேலை அனுமதி உள்ளவர்கள் குறைந்தது 90 நாள் அங்கே தங்கி வேலை செய்த பிறகே விடுப்பில் வீட்டுக்கு வர முடிந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் 2021 நவம்பர் 29இல் தொடங்கியது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல்தான். இரண்டாண்டு காலத்தில் பிள்ளை பிறந்ததையும், பெற்றோர் இறந்ததையும் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு கிலோமீட்டர் பாலம் ஒரு பெருங்கடலாக விரிய முடியும் என்பதை எங்கள் ஊர் அப்போது அறிந்தது.

முன்னோர் கண்ட திரும்புதல்

ஊர் திரும்புதல் நம் இனத்துக்குப் புதிதன்று. நம் தாத்தா பாட்டிகளில் பலர் மூன்றாண்டு, ஐந்தாண்டு சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடுதான் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை விழுந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் அவர்களில் பலர் மீண்டும் வந்தார்கள். ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே போவோரையும் வருவோரையும் பல்லாண்டுகள் சுமந்தன.

பிறகு வந்த திரும்புதல் வேறு வகை. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் தேவை என்ற சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1969இல் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக ஏறக்குறைய 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். பல ஆண்டுகள் இங்கே உழைத்தும் நீல அடையாள அட்டை எடுத்துவைக்காத ஒரே காரணத்தால் வேலை போனவர்கள் அவர்கள். காகிதம் எவ்வளவு கனமானது என்பதற்கு மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இலங்கையிலும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்ற அரசுக் கழகமானது. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அவர்களுக்கு அரசு கொடுத்த பெயர். அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டை அதற்கு முன் கண்டதே இல்லை. இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

மேற்கண்ட நிகழ்வுகள் இரண்டு பாடங்களைச் சொல்கின்றன. திரும்பும் நாள் எப்போதும் நாம் குறித்த நாளாக இருக்காது என்பது ஒன்று. பெற்றோருக்குத் ‘திரும்புதல்’ ஆக இருப்பது பிள்ளைக்குப் ‘புலம்பெயர்தல்’ ஆக இருக்கலாம் என்பது மற்றொன்று.

மனம் ஏன் தடுமாறுகிறது?

வெளிநாடு போனவர் அங்கே முதலில் தடுமாறுவது எல்லாருக்கும் தெரிந்ததே. 1955இல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்காவில் கல்விக்காகத் தங்கியிருந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். முதலில் மகிழ்ச்சி, பிறகு சோர்வு, பின்னர் மெல்ல ஒத்துப்போதல் என்று மனநிலை ‘யூ’ எழுத்தைப்போல் இறங்கி ஏறுகிறது என்றார். 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகிய இருவரும் இதை நீட்டித்தார்கள். தாயகம் திரும்பிய பிறகும் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை நிகழ்வதால், முழுப் பயணமும் ‘டபிள்யூ’ எழுத்தைப்போல் இருக்கும் என்பது அவர்களின் விளக்கம். எல்லாருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு. ஆனால், திரும்பியபின் ஒரு தடுமாற்றம் வரக்கூடும் என்பதை இன்று பலரும் ஏற்கிறார்கள்.

அதற்கான காரணத்தை ஆல்ஃபிரட் ஷுட்ஸ் என்ற சமூகவியலாளர் 1945லேயே விளக்கினார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை எண்ணி அவர் எழுதிய கட்டுரை, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ் சொந்தத் தீவில் வந்திறங்கியும் அதை அடையாளம் தெரியாமல் நின்றதிலிருந்து தொடங்குகிறது. அவர் சொன்னதை நம் மொழியில் சுருக்கமாகக் கூறலாம். புதிய ஊருக்குப் போகிறவர் ‘எனக்கு இங்கே ஒன்றும் தெரியாது’ என்ற எண்ணத்தோடு போகிறார். எனவே கேட்டுக் கற்றுக்கொள்கிறார். சொந்த ஊருக்கு வருகிறவர் ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்ற எண்ணத்தோடு வருகிறார். எனவே எதையும் கேட்பதில்லை. அவர் மனத்தில் இருப்பதோ விட்டுச்சென்ற நாளின் ஊர். அவர் இல்லாத காலத்தில் ஊர் தன் போக்கில் நடந்திருக்கிறது. அவரும் மாறியிருக்கிறார். இரண்டு மாற்றங்களையும் இரு தரப்பும் அறியாமல் இருப்பதே தடுமாற்றத்தின் வேர்.

உலு திராமில் இதை அன்றாடம் காணலாம். திரும்பியவரைப் பார்த்ததும் முதல் கேள்வி, “லீவா அண்ணே?” என்பது. ஒரு மாதம் கழித்து, “எப்போ திரும்பிப் போறீங்க?” என்பார்கள். மூன்று மாதம் ஆனதும் கேள்வி தாழ்ந்த குரலில் அவருடைய அம்மாவிடம் போகும்: “வேலை போயிடுச்சா?” ஒருவர் தாமாக விரும்பித் திரும்பி வரக்கூடும் என்பது நம் சமுதாயத்தில் இன்னும் எளிதில் நம்பத்தக்க செய்தியாக இல்லை.

திரும்பியவரும் சும்மா இருப்பதில்லை. பேருந்து தாமதமானால், “அங்கேயெல்லாம் இப்படி இல்லை”. வங்கியில் வரிசை நீண்டால், “அங்கேயென்றால் ஐந்து நிமிடம்”. கோயில் கூட்டம் ஒன்பது மணி என்று சொல்லிப் பத்து மணிக்குத் தொடங்கினால், முகம் சிவந்துவிடும். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால், இங்கேயே இருந்து அதே பேருந்திலும் அதே வரிசையிலும் பல்லாண்டுகள் நின்றவருக்கு அது தம் வாழ்வையே குறைத்துப் பேசுவதாகப் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே இருந்தபோது இதே மனிதர், “நம்ம ஊர் சாப்பாடு போல வருமா, நம்ம ஊர் வீடு போல வருமா” என்று ஏங்கியவர். அக்கரைக்கு இக்கரை பச்சை என்ற பழமொழி இரு கரைக்கும் பொருந்தும்.

அறைத் தோழர்களோடு வாழ்ந்த ஒழுங்கான தனிமையும், உறவுக்காரர்கள் சூழ்ந்த வாழ்வும் வேறுவேறு. எட்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் துணி துவைத்துத் தூங்கும் நாளாக இருந்தது. இங்கே அது மூன்று கல்யாணமும் ஒரு காதுகுத்தும் உள்ள நாள். நான் போகாவிட்டால் அப்பாவிடம் கேட்பார்கள். இது சுமை என்று முதலில் தோன்றியது. அம்மா மருத்துவமனையில் இருந்த வாரத்தில், சொல்லாமலேயே சோறு கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்த்தபோதுதான், அந்தக் கல்யாணங்களின் கணக்கு எனக்கு விளங்கியது.

சேமநிதியும் விபத்துக் காப்புறுதியும்

மனத்தடுமாற்றம் சில மாதங்களில் ஆறிவிடலாம். பணத்தில் வந்த ஓட்டை ஆறாது. இதைப் பட்டதாரிகளும் சரியாக அறியாமல் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியாவில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமநிதி உண்டு. 1951இல் தொடங்கப்பட்டது அது. மாதச் சம்பளம் 3,000 ரிங்கிட் என்றால், தொழிலாளி 11 விழுக்காடாக 330 ரிங்கிட்டும், முதலாளி 13 விழுக்காடாக 390 ரிங்கிட்டும் கட்ட வேண்டும். மொத்தம் மாதம் 720 ரிங்கிட். சம்பளமே உயராமல் 20 ஆண்டுகள் போனாலும், இலாப ஈவைச் சேர்க்காமல், 1,72,800 ரிங்கிட் சேர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி இருக்கிறது. ஆனால், அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதி அட்டையோடு போய்வரும் மலேசியருக்கு முதலாளி அதில் கட்ட வேண்டியதில்லை. இங்கேயும் அவருக்கு முதலாளி இல்லை. 2,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம், 3.20 என்ற மாற்று விகிதத்தில் 6,400 ரிங்கிட்டாகக் கைக்கு வரும். பார்க்கப் பெரிய தொகை. ஆனால், அதிலிருந்து அவராக எடுத்துவைக்காத வரையில் முதுமைக்கென்று ஒரு காசும் சேராது. இருபது வயதில் போனவர் நாற்பத்தைந்து வயதில் முதுகுவலியோடு திரும்பும்போது, இங்கேயே தொழிற்சாலையில் இருந்த தம்பியின் சேமநிதிக் கணக்கைப் பார்த்துத் திகைப்பது எங்கள் தாமானில் நடக்கிற ஒன்றுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசியரும் ஊழியர் சேமநிதியில் சொந்த விருப்பத்தின்பேரில் பணம் கட்டலாம். ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டாக இருந்த உச்சவரம்பு 2023இல் 1,00,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே இதைத் தொடங்கிவிட வேண்டும். முதலாளியின் பங்கும் நம் தலையில்தான் என்பதால், சம்பளத்தில் 11 விழுக்காடு போதாது. இரு பங்கையும் சேர்த்துக் கட்டினால்தான் உள்ளூர்த் தொழிலாளிக்கு ஈடாகும்.

அடுத்தது விபத்து. மலேசியாவில் வேலை செய்பவர் வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் விபத்துக்குள்ளானால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரில் வேலையிட விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால், சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்து பொதுவாக அதில் அடங்காது. அதிகாலை இருட்டில், மழையில், அரைத்தூக்கத்தில் தெப்ராவ் சாலையில் போகிறவரைக் காக்கும் காப்புறுதியை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். திருமணமானவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தொழில்திறன் மிக்கவர்கள் நிரந்தரமாகத் திரும்புவதற்கு அரசாங்கத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட டேலண்ட்கோர்ப் நிறுவனம் அதைக் கவனிக்கிறது. தகுதி பெறுவோருக்கு ஐந்தாண்டுகளுக்கு 15 விழுக்காடு என்ற ஒரே அளவான வருமான வரி போன்ற சலுகைகள் உண்டு. இதற்கான விண்ணப்பத்தை வெளிநாட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். இங்கு வந்து வேலையில் அமர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வாய்ப்பு நழுவிவிடும்.

பிள்ளைகளின் நிலை

குடும்பத்தோடு அங்கே தங்குபவர்கள் மூன்று செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும்.

முதலாவது குடியுரிமை. மலேசியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிவுசெய்ய வேண்டும். மலேசியத் தந்தை வழியாகக் கிடைத்துவந்த இவ்வுரிமையை மலேசியத் தாய்க்கும் வழங்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. அயல்நாட்டுக் கணவரை மணந்த சகோதரிகள் அதன் நடைமுறை விவரங்களைத் தூதரகத்திலேயே கேட்டறிவது நல்லது. காகிதம் இல்லாமல் நம் முன்னோர் பட்ட பாட்டை நம் பிள்ளைகளும் படக் கூடாது.

இரண்டாவது தேசிய சேவை. சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளைகள் பதினாறரை வயதில் பதிவுசெய்துகொண்டு, பதினெட்டு வயதளவில் இரண்டாண்டு முழுநேரச் சேவைக்குச் செல்ல வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும். சேவை செய்வதும் திரும்புவதும் அவரவர் முடிவு. ஆனால், அம்முடிவைப் பிள்ளை ஐந்து வயதாக இருக்கும்போதே பெற்றோர் பேசிவைக்க வேண்டும்.

மூன்றாவது மொழி. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் படிக்கிறார்கள். மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில். ஆகவே, மலாய்மொழியைப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அமைவதில்லை. இங்கே எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம், அதுவும் மலாய்மொழியில். பதினான்கு வயதில் இங்கே வந்து இரண்டாம் படிவத்தில் உட்காரும் பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், வகுப்பில் ஊமையாகிவிடுகிறான். தொடக்கப்பள்ளி வயதிலேயே திரும்பினால் நிலைமை வேறு. நம் தமிழ்ப்பள்ளியில் தமிழ்வழிப் படித்துக்கொண்டே மலாயையும் ஆங்கிலத்தையும் அவன் பிடித்துக்கொள்ள முடியும். திரும்பும் எண்ணம் இருந்தால், பிள்ளையின் வயதைப் பார்த்து ஆண்டைக் குறியுங்கள். அது இயலாதவர்கள், அங்கே இருக்கும்போதே மலாய்மொழிக்குத் தனி வகுப்பு ஏற்பாடு செய்யுங்கள்.

ஊருக்கும் ஒரு கடமை

திரும்பி வருபவர் மட்டும் மாறிக்கொண்டால் போதாது. ஊரும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அங்கே சம்பாதித்த காலத்தில் ஊரின் எல்லாச் செலவுக்கும் முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும், பள்ளி ஆண்டுவிழாவுக்கும், தெரிந்தவர் மகளின் கல்யாணத்துக்கும் கேட்டோம், கொடுத்தார். திரும்பியபின் அவர் சம்பளம் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கலாம். அப்போதும் அதே தொகையை எதிர்பார்த்தால், அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். அவர் கர்வப்பட்டு ஒதுங்குவதாக ஊர் பேசும். உண்மையில் அவர் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்.

பணத்துக்குப் பதிலாக அவரிடம் கேட்கத்தக்கவை வேறு இருக்கின்றன. கப்பல் பட்டறையில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவருக்கு வேலையிடப் பாதுகாப்பு விதிகள் தண்ணீர்ப்பட்ட பாடு. மருத்துவமனையில் தாதியாக இருந்தவருக்கு முதியோரைக் கவனிக்கும் முறை தெரியும். சிறு கம்பெனியில் கணக்கு எழுதியவருக்குக் கோயில் கணக்கை ஒழுங்காக எழுதிவைக்கத் தெரியும். இவர்களை மேடையில் பொன்னாடை போர்த்தி உட்காரவைப்பதைவிட, இரண்டு சனிக்கிழமை இளைஞர்களுக்குச் சொல்லித்தரச் சொன்னால், அவர்களுக்கும் ஊரில் ஓர் இடம் கிடைக்கும். ஊருக்கும் பயன் கிடைக்கும்.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளும் இதில் உதவலாம். ஆண்டுதோறும் நாம் வேலை வாய்ப்புப் பட்டறைகள் நடத்துகிறோம். எங்கே போகலாம், எவ்வளவு சம்பளம் என்று பேச வருபவர்களோடு, போய்த் திரும்பிய முன்னாள் மாணவர் ஒருவரையும் அழைத்துப் பேசவைக்கலாம். சேமநிதி, குடியுரிமைப் பதிவு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றை அவர் ஒரு மணி நேரம் விளக்கினால், அதைக் கேட்ட ஐம்பது பேர் பிற்காலத்தில் ஐம்பது குடும்பங்களைக் காப்பாற்றுவார்கள்.

முடிவுரை

புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச்செல்லக்கூடிய விரைவு இரயில் பாதை, 2026ஆம் ஆண்டு இறுதிக்குள் சேவையைத் தொடங்கும் இலக்கோடு அமைக்கப்பட்டது. இரயிலில் பயண நேரம் ஏறக்குறைய ஐந்து நிமிடம். விடியற்காலையில் எழும் தந்தைமார்களுக்கும் தாய்மார்களுக்கும் அது பெரும் உதவியே. ஆனால், ஐந்து நிமிடத் தொலைவில் இருந்தாலும் அங்கே வேறு சட்டம், வேறு சேமநிதி, வேறு பள்ளிக்கூடம். தொலைவு குறையக் குறைய அதை மறப்பதும் எளிதாகிவிடும்.

வெளிநாட்டு வேலையைத் தாழ்த்திச் சொல்வது இக்கட்டுரையின் கருத்தன்று. உலு திராமில் எத்தனையோ வீடுகளின் கூரையும், எத்தனையோ பிள்ளைகளின் பட்டமும் சிங்கப்பூர் வெள்ளியால் வந்தவை. என் தங்கையின் படிப்பும் அப்படி முடிந்ததுதான். போகிறவர்கள் போகட்டும், நன்றாகச் சம்பாதிக்கட்டும். அங்கேயே நிலைத்து வாழ முடிவு செய்பவர்களும் வாழட்டும். திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதே வாரத்தில், ஒரு தாளில் நான்கு வரி எழுதிவைக்க வேண்டும்: எந்த ஆண்டில் திரும்புவேன், அதற்குள் சேமநிதியில் எவ்வளவு இருக்க வேண்டும், அப்போது என் பிள்ளைக்கு என்ன வயது இருக்கும், திரும்பியபின் எந்த வேலை செய்வேன். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது, அந்தத் தாளை எடுத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். ஆண்டை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றி எழுதுங்கள். எழுதாமல் விடாதீர்கள்.